பிசிறு வெட்டிய ஞாயிறு

அத்தியாயம் 9

முப்பத்தொரு கிழிசல்களில் ஒன்றுகூட இல்லை.

எழிலரசி மேலங்கியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். வேறு எதையோ எடுத்துவிட்டோமோ என்று கொடிக்கயிற்றையும் ஒருமுறை பார்த்தாள். அதில் வேறொன்றும் இல்லை. மேலங்கிக்குத் தூசு படாமல் மூடி வைத்திருந்த பழைய புடவைதான் தரையில் கிடந்தது.

தேநீர்ச் சாயம் ஏற்றிய அதே காடாத்துணி. ஆனால் தொங்கவேண்டிய நூல்கள் எல்லாம் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தன. கிழிந்திருக்கவேண்டிய இடங்களில் எறும்பு வரிசை மாதிரி பொடித் தையல். போதாததற்கு இஸ்திரி வேறு.

மணி ஆறு நாற்பது. மாலை ஐந்துக்குள் ஆறு படங்கள் போய்ச் சேர வேண்டும்.

வானகரத்தில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடை செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. சுரேகா என்ற பெண்மணி நடத்துவது. சொந்தக் கற்பனையில் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதற்கு முழு உடை செய்து, அதை உடுத்திப் படம் எடுத்து அனுப்புகிறவர்களில் ஒருவருக்கு அங்கே வேலை. கதைப் பாத்திரங்களாக உடுத்திக்கொள்ளும் காஸ்ப்ளே பெண்களின் குழுவில் இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எழிலரசிக்குப் போரூர் அலுவலகத்தின் பில்லிங் திரை மங்கலாகத்தான் தெரிகிறது. போன வருஷமும் அனுப்பினாள். 'தையல் சுத்தமாக இருக்கிறது. உடைக்குள் ஆள் தெரியவில்லை' என்று பதில் வந்தது.

அதனால்தான் இந்த வருஷம் கிழித்தாள்.

பாத்திரத்துக்கு அவள் வைத்த பெயர் கரையாள். ஏரிக்கரையைக் காக்கப் போய், ஏழு வருஷப் போர் முடிந்து தன்னந்தனியாகத் திரும்புகிறவள். தோள்கவசமும் முழங்கைக் கவசமும் யோகா விரிப்பை வெட்டிச் சூடுகாட்டி வளைத்துச் செய்தவை. மேலங்கிதான் உயிர். அதன் ஒவ்வொரு கிழிசலுக்கும் நோட்டில் ஒரு வரி உண்டு. 'கிழிசல் 4: வலது விளிம்பு, முள்வேலி. கிழிசல் 11: முதுகு, அம்பு. கிழிசல் 19: ஊதுபத்தியால் சுட்ட ஓட்டை, தீப்பந்தப் பொறி.' மூன்று மாதம் சனிக்கிழமைகளில் அம்பத்தூரில் மாலைத் தையல் வகுப்புக்குப் போய் வந்து, மற்ற நாட்களில் அலுவலகம் முடிந்து வந்து செய்த வேலை.

காஸ்ப்ளே என்றால் இந்த நசரத்பேட்டை வீட்டில் யாருக்கும் புரியவில்லை. "மாறுவேஷப் போட்டியாம்மா?" என்று கேட்டார் மாமனார் துலுக்கானம். மாமியார் பொன்னியம்மா எதுவும் கேட்கவில்லை. ஆனால் போன வாரம் விருந்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவள் சொன்னது எழிலரசியின் காதிலேயே நிற்கிறது. 'எங்கூட்டு மருமவளா? குப்பைய தெச்சிகினு கீறா.' அன்றைக்குப் பாதிச் சோற்றில் எழுந்துபோனவள், அதற்குப் பிறகு மாமியாரோடு அளந்துதான் பேசுகிறாள்.

"இன்னாம்மே, பாத்துட்டியா?"

பொன்னியம்மா வாசல் நிலையில் நின்றாள். கையில் பாதி உரித்த வெங்காயம். முகத்தில் பெருமை.

"ரவைக்கே காட்டலாம்னு இருந்தேன். நீ கிளாஸ்லருந்து வந்ததும் படுத்துட்ட. நல்லா கீதா?"

"யார் தைச்சது, அத்தை?"

"இதுக்குன்னு டைலரா வெச்சிகீறோம்? நாந்தான். நேத்து சிப்டு முடிஞ்சி வந்து நாலு மணிக்குக் குந்துனேன், எட்டு மணிக்குத்தான் எய்ந்தேன். முப்பத்தி நாலு எடம். அம்பு ஒட்டி ஒட்டி தெச்சேன். ஒரு பிசிறு கெடையாது, தேடிப் பாரு."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் பொன்னியம்மா இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் பார்க்கிறாள். சட்டை மேசைக்கு வந்ததும் அவள் கண் காலரில் ஏறி விளிம்பில் இறங்கும். குறை தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டப்படும். பிசிறு தெரிந்தால் விரலிடுக்கில் இருக்கும் கட்டர் தானாக நறுக்கிவிடும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் பரிமாறுகிறவரின் சட்டை நூலை அறுத்தவள் அவள்.

முப்பத்துநான்கு. அப்படியானால் தான் போடாத கிழிசல் மூன்று எங்கிருந்து வந்தது என்று எழிலரசியின் மனம் எண்ணிப் பார்த்தது. இந்த நேரத்திலும் எண்ணுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அது கிழிஞ்சிதான் இருக்கணும், அத்தை."

"இன்னாது?"

"எல்லாமே நான் கிழிச்சது. மூணு மாசமா உட்கார்ந்து கிழிச்சேன்."

பொன்னியம்மா மருமகளையும் மேலங்கியையும் மாறிமாறிப் பார்த்தாள். "வேணும்னேவா?"

"ஆமா."

"நல்ல துணிய?"

"ஆமா, அத்தை. நீங்களும் வேணும்னேதான் தைச்சீங்களா?"

கேட்டு முடித்த பிறகுதான் தான் கேட்டது எழிலரசிக்கே உறைத்தது. திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

பொன்னியம்மாவின் முகத்தில் பெருமை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த ஆள் மட்டும் போய்விட்டாள்.

"வேணும்னே கெடுக்கணும்னா எனக்கு ஒரு நிமிசம் போதும்மே. கையில கட்டர் கீது. அதுக்கு எதுக்கு நாலு மணி நேரம் கண்ண அவுச்சிக்கணும்?"

அவ்வளவுதான். சமையலறையில் குக்கர் மூடி வைக்கப்பட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

ஏழரைக்கு உதயகுமார் வந்தான். ராத்திரி ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸில் நெடுஞ்சாலைச் சிக்னலில் இறங்கி நடந்து வந்தவனின் கண் சிவந்திருந்தது. எழிலரசி கட்டிலில் மேலங்கியை விரித்து, ஊசி முனையால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட, சூப்பரா கீதே! புதுசா?"

"உதய்!"

மாமியார் முன்னால் 'என்னங்க', அறைக்குள் 'உதய்'. எட்டு மாதக் கல்யாணத்தில் அதுதான் அவர்களுடைய ஏற்பாடு. இப்போது அவள் போட்ட சத்தம் அறையைத் தாண்டிவிட்டது. நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"சிரிக்காத. குப்பைன்னு சொன்னவங்க உதய், உங்கம்மா."

"குப்பைன்னு நெனச்சதாலதான் தெச்சாங்க. எங்கம்மாவால குப்பைய பாத்துகினு சும்மா குந்த முடியாது. அது நோவு."

"எனக்கு நம்பறதா வேணாமான்னு தெரியலை."

"நம்பறத அப்பால பாத்துக்கலாம். மாடில மூணுலருந்து நாலு மணி வரைக்கும்தான் படத்துக்கு ஏத்த வெளிச்சம். அதுக்குமேல எதிர் ஃப்ளாட்டு நெழல் மொத்தமா உழுந்துரும். எத்தினி பிரிச்சிருக்க?"

"ஒண்ணு."

உதயகுமார் கல்யாண ஸ்டூடியோவில் நான்கு வருஷம் கேமரா தூக்கியவன். வெளிச்சத்தைப் பற்றி அவன் சொன்னால் அது மாறாது. அவன் மொபைலில் இரண்டரைக்கு மணி வைத்துவிட்டுச் சுவரோரம் சுருண்டு படுத்தான்.

எழிலரசி பிரித்தாள். ஒவ்வொரு தையலும் அரிசி நீளம்கூட இல்லை. துணியின் நூலோடு நூலாகப் பின்னிப் போயிருந்தது. யார் இவ்வளவு பொறுமையாக ஒரு பகையைத் தைப்பார்கள்? கேள்வி எழுந்ததும் அதை ஒதுக்கினாள். தவறு தன்மீதுதான் என்று ஒத்துக்கொள்ள இன்றைக்கு நேரமில்லை. மணி ஒன்பது. ஒன்பதரை. பத்தே கால். நாலு கிழிசல்தான் திரும்ப வந்திருந்தது. இந்த வேகத்தில் போனால் செவ்வாய்க்கிழமை ஆகும். ஊசியை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள்.

சர்ரென்று ஒன்றரைச் சாண் கிழிந்தது. தையல் விட்டுக்கொடுக்கவில்லை; பக்கத்திலிருந்த துணிதான் போயிற்று.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. துணி கிழியும் சத்தம் பொன்னியம்மாவுக்கு எந்தச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும்.

அவள் வந்தாள். மேலங்கியை வாங்கி, புதிதாகக் கிழிந்த இடத்தை விரலால் தடவினாள்.

"இதான் கிழிசல்."

"என்ன அத்தை?"

"நீ போட்டது எதுவும் கிழிசல் இல்ல. எல்லாம் ஒரே அளவு, ஒரே தூரம். நேத்து தைக்கும்போதே நெனச்சேன், எலி கடிச்சாகூட இப்டி வரிசையா கடிக்காதேன்னு. இன்னா பண்றா இந்தம்மா?"

"யாரு?"

"அதான், இத போட்டுகினு போறவ."

"ஈட்டி எடுத்துக்கிட்டு நடந்து வர்றா. ஏழு வருஷமா."

"எந்தத் தோள்ல ஈட்டி?"

"வலது."

"அப்ப வலது தோள் தேஞ்சி போயிருக்கணும்ல? அங்க நீ கையே வெக்கல. நடக்கறவளுக்குக் காலு பட்டு இந்தக் கீழ் மூலை நஞ்சி பூட்டிருக்கும். இங்க பாரு, மூலை கடையிலருந்து வந்தாப்ல கீது. முதுகுல மட்டும் அஞ்சி ஓட்ட. இன்னா, திரும்பி நின்னு சண்ட போட்டாளா?"

எழிலரசிக்குக் காது சூடேறியது. நோட்டு கட்டிலில் திறந்து கிடந்தது. ஒவ்வொரு கிழிசலுக்கும் இடையே நான்கு அங்குலம் என்று ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொண்டது அவள்தான். ஆள் தெரியவில்லை என்று போன வருஷம் எழுதினார்களே, அது இதுதானா? எதைச் செய்தாலும் கோடு போட்டுச் செய்கிற புத்தி, கிழிப்பதற்கும் கோடு போட்டிருக்கிறது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"சரி, நான் போட்டது பொய்யாவே இருக்கட்டும். நீங்க தைச்சது மட்டும் நிஜமா? காட்டுல கிடந்தவ கம்பெனில தைச்ச மாதிரியா தைப்பா?"

"பின்ன எப்டி தைப்பா?"

"கையில கிடைச்ச நூல்ல தைப்பா. இருட்டுல, பாதித் தூக்கத்துல…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். முப்பத்தொரு வரிகளில் யார் கிழித்தது என்று எழுதியிருக்கிறாள். யார் தைத்தது என்று ஒரு வரி இல்லை. ஏழு வருஷத்தில் கரையாள் ஒரு தடவைகூடவா ஊசி எடுத்திருக்க மாட்டாள்?

பொன்னியம்மாவும் மேலங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரிசி மூட்ட நூலு கீது," என்றாள் மெதுவாக. "ஒரலுக்கு அடியில சுத்தி வெச்சிகீறேன்."

"எடுத்துட்டு வாங்க அத்தை. மோசமா தைச்சுக் குடுங்க."

"இன்னாது?"

"கோணலா. பல்லு பல்லா."

"எனக்கு வராதும்மே."

வரத்தான் இல்லை. சாக்கு நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்த பொன்னியம்மா நாலு தையல் போட்டாள். நாலும் அடிக்கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. பிரித்து மறுபடி போட்டாள். மறுபடியும் நேர். "இன்னாடி இது, கை கேக்க மாட்டுதே!" என்று தன் கையைத் தானே அடித்தாள்.

"இடது கையால தைங்க, அத்தை."

இடது கையில் ஊசி தடுமாறியது. முதல் தையல் நீளம், இரண்டாவது குட்டை, மூன்றாவது எங்கோ போயிற்று. பொன்னியம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. "எங்க சூப்ரவைசர் மட்டும் இத பாத்தான், அங்கியே மயக்கம் போட்டு உழுந்துருவான்."

எழிலரசியும் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று உடனே வாயை மூடிக்கொண்டாள். காலையில் கேட்ட கேள்வி இன்னும் அறையில்தான் இருந்தது. அதை எடுத்துப் போட இருவருக்கும் துணிவில்லை. கையில் வேலை இருந்தது.

மேலங்கியின் வலது தோளை எழிலரசி செங்கல்லால் தேய்த்தாள். கீழ் மூலையைப் பிரித்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு மாடிச் சிமெண்டுத் தரையில் இருபது நடை இழுத்துவிட்டு வந்தாள். முதுகில் இரண்டு ஓட்டைகளைத் தவிர மற்றதையெல்லாம் மாமியாரின் பொடித் தையலோடே விட்டாள். ஒன்றரைச் சாண் கிழிசலுக்கு ஒரு சாக்குத் துண்டை ஒட்டுப் போட வேண்டும் என்றாள்.

"அசிங்கமா இருக்கும்மே."

"இருக்கட்டும்."

"உள்பக்கமாச்சும் போடறேன்."

"வெளிப்பக்கம், அத்தை!"

"ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு கீறீங்களா, தெச்சிகினு கீறீங்களா?" என்று துலுக்கானம் எட்டிப் பார்த்தார். ஷேர் ஆட்டோவைப் பூந்தமல்லி ஸ்டாண்டில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்காக ஓடி வந்திருந்தார். "மணி ஒண்ணாவுது. இன்னிக்கி சோறு உண்டா, இல்ல நானும் மாறுவேஷம் கட்டிகினு வரட்டா?"

"கொழம்பு கீது, போட்டு துண்ணு!" என்றாள் பொன்னியம்மா தலை நிமிராமல்.

மூன்று மணிக்கு மாடி ஏறினார்கள். நீலத் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, பக்கத்து மாடியில் காயும் நைட்டிகள், அதற்கப்பால் சென்னீர்குப்பம் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகள். எதுவும் படத்தில் வரக்கூடாது. உதயகுமார் தரையில் மல்லாந்து படுத்து, வானம் மட்டும் பின்னால் வரும்படி கேமராவைப் பிடித்தான். முகத்தில் வெளிச்சம் அடிக்கத் தெர்மாகோல் அட்டை பிடிக்கும் வேலை துலுக்கானத்துக்கு.

"கைய தாடைகிட்ட… இல்ல இல்ல, அது கல்யாணத்துக்கு." உதயகுமார் தலையை உதறிக்கொண்டான். "ஈட்டிய கொஞ்சம் சாச்சிக்கோ. அட்டைய மேல தூக்கு நைனா."

"எம்மா நேரம்டா புடிச்சிகினு நிக்கறது? காத்து இஸ்துகினு போவுது."

எதிர் மாடியிலிருந்து ஒரு குரல்: "இன்னா பொன்னி, நாடகமா?"

"சூட்டிங்குக்கா!" என்றாள் பொன்னியம்மா. குரலில் கொஞ்சம் மிடுக்கு ஏறியிருந்தது.

முதல் நாற்பது படங்கள் வெறும் படங்கள். எழிலரசி கண்ணாடியில் பார்த்துப் பழகிய நிலைகளையே நோட்டில் எழுதிவைத்த வரிசைப்படி நின்றாள். ஒன்று: ஈட்டி ஊன்றி. இரண்டு: திரும்பிப் பார்த்து. கேமராத் திரையில் தெரிந்தது உடை போட்ட எழிலரசிதான். நேரம் மூன்று ஐம்பது. எதிர் ஃப்ளாட்டின் நிழல் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் பொன்னியம்மா கட்டரோடு வந்தாள். மேலங்கியின் ஓரத்தில் ஒரு சாக்கு நூல் ஆடிக்கொண்டிருந்தது. படியோரம் நின்று அதையே கால்மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"வெட்ட வேணாம்!" மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"பின்ன அது தொங்குதே…" என்றவள் நூலை விரலில் சுற்றி ஒரு இழு இழுத்தாள். ஒட்டுப் போட்ட மூலை விட்டுவிடுமோ என்று எழிலரசி பதறி, இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே குனிந்து, அந்தக் கோணல் தையல் தாங்குகிறதா என்று பார்த்தாள். தாங்கியது.

கேமரா சத்தம் கேட்டது.

"அம்மா, அப்டியே ஒதுங்கு. எழில், நீ அசையாத. என்னப் பாக்காத. அதையே பாரு."

நிழல் முட்டிக்கு ஏறும்வரை எடுத்தான். கேமராவை நீட்டியபோது திரையில் ஒருத்தி நின்றாள். ஈட்டி அவள் தோளில் சாய்ந்து கிடந்தது. அதை மறந்துவிட்டு, தன் மேலங்கியின் தைத்த மூலையை விரலால் சோதித்துக்கொண்டிருந்தாள். இன்னும் எவ்வளவு தூரம் இது வரும் என்று கேட்பதுபோல இருந்தது அந்த முகம். எழிலரசிக்கு அவளைத் தெரியவில்லை. கரையாள்.

நாலரைக்குக் கீழே வந்து மடிக்கணினியைத் திறந்தார்கள். ஆறு படங்கள் தேறின. அதில் இரண்டு, தையலை மட்டும் கிட்டத்தில் எடுத்தவை. பெயர், வயது, முகவரி, பாத்திரத்தின் கதை. எல்லாவற்றையும் ஏற்கெனவே எழுதிச் சரிபார்த்து வைத்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் மட்டும் விரல் நின்றது.

'தையல் வேலை முழுவதும் விண்ணப்பதாரர் தம் கையால் செய்தது. ஆம் / இல்லை. இல்லையெனில், செய்தவர் பெயரும் பகுதியும்.'

"ஆமான்னு போடு," என்றான் உதயகுமார். "யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"இல்லைன்னு போட்டா, தானே செய்யத் தெரியாதவன்னு ஒதுக்கிட்டாங்கன்னா? மூணு மாசம் எழில்."

அதைத்தான் அவளும் நினைத்தாள். பொன்னியம்மா பின்னால் வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையை வீசினாள்.

"உம் பேரே போடு. இருவத்திரெண்டு வருசத்துல எத்தினி லச்சம் சட்ட என் கைய தாண்டி போயிருக்கும்? எதுலயாச்சும் பொன்னியம்மான்னு எய்திகீதா? அதுக்குன்னு நான் இன்னா தேஞ்சா பூட்டேன்?"

சமாதானமாகத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்ட பிறகு எழிலரசியால் 'ஆம்' என்பதை அழுத்த முடியவில்லை. மணி நாலு ஐம்பத்திரண்டு. தட்டினாள்: 'இல்லை. மேலங்கியில் தெரியும் தையல்களும் ஒட்டும்: என் மாமியார் பொன்னியம்மா.' ஒரு நொடி யோசித்து, 'இடது கையால்' என்று சேர்த்தாள். அழித்தாள். மறுபடி சேர்த்தாள். கைப்பேசி எண் கேட்ட கட்டத்தில் தன் எண்ணையே கொடுத்து, நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள்.

அதற்குப் பிறகு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காலையில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை அடுப்படி வாசல்வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். மத்தியானம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பொன்னியம்மா குழம்பைச் சுடவைத்து, மருமகளைப் பிடித்துத் தட்டின் முன்னால் உட்காரவைத்தாள்.

ஐந்தரைக்குப் போன் ஒலித்து நின்றது. செய்தி. எழிலரசி இடது கையால் திறந்தாள்.

'படங்கள் ஆறும் கிடைத்தன. நன்றி.

மேலங்கியைத் தைத்த பொன்னியம்மாவைச் செவ்வாய் காலை பத்து மணிக்குப் பார்க்க விரும்புகிறேன். அவர் எங்களோடு வேலை செய்யச் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். இப்போது இருப்பது ஓர் இடம்தான். சுரேகா.'

எடுத்த கறித்துண்டைத் தட்டிலேயே வைத்தாள்.

"இன்னாம்மே, இன்னா சொல்றாங்கோ?"

எழிலரசி இன்னொரு தடவை படித்தாள். தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"படம் ஆறும் கிடைச்சிடுச்சாம், அத்தை."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"கெடச்சிச்சின்னு சொன்னாலே பாதி முடிஞ்சாப்ல. உனக்குத்தான், பாரேன்." பொன்னியம்மா சட்டியைத் துழாவி ஈரல் துண்டு இரண்டை எடுத்து அவள் தட்டில் போட்டாள். "காலைல நீ கேட்டதுக்கு எனக்குக் கோவம்தான். ஆனா, அப்டி ஒரு துணிய யாராச்சும் தொட்டா எனக்கும் வந்துருக்கும். வுடு. துண்ணு."

எழிலரசி போனைக் கவிழ்த்துவைத்தாள். சொல்லிவிடவேண்டும், இப்போதே, என்று வாயைத் திறந்தாள். போன் அதிர்ந்தது. இந்தத் தடவை நிற்காமல் அதிர்ந்தது. அவள் வலது கை முழுக்கக் குழம்பு. இடது கை ஏனோ எழவில்லை.

"அவங்களாத்தான் இருக்கும், எடேன்! இன்னா மரமாட்டம் குந்திகினு கீற?" பொன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திருப்பி, பச்சையைத் தள்ளி, காதில் வைத்தாள்.

"அலோ… எழிலு துண்ணுகினு கீது. நீங்க யாரு பேசறது?"

ஒரு கணம் கேட்டாள். புருவம் உயர்ந்தது.

"ஆமா. பொன்னியம்மாதான் பேசறேன்."